எஞ்சினுக்கு அடியில் ஆள்

ஓடாத எஞ்சினின் முகப்பில் ஒரு சிவப்புக் கொடி தொங்கியது.

பெருமை அளந்துகொண்டிருந்த போர்மேன் பேச்சைப் பாதியில் விட்டு அதையே பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் ரயில்வே பட்டறையைச் சுற்றிக்காட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்று வந்திருப்பதோ மகளும், அவளுடைய மாமனாரும். பக்கத்துக் கூடத்தில் மின்சார எஞ்சின்களைப் பிரித்து மாட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கிரேன் உறுமலும் வெல்டிங் நெடியும் சுவரைத் தாண்டி வந்தன. இந்தப் பழைய கூடம் வெறும் காட்சிக்கு. இந்த நீராவி எஞ்சினுக்கு அடியில் ஆள் இறங்கிப் பல வருடமாகிறது.

“என்ன சம்பந்தி, இதுக்கு இன்னுமா ரிப்பேர் முடியல?” என்று மாமனார் கிண்டலடித்தார்.

“கொடி எதுக்குப்பா?” என்றாள் மகள்.

“அடியில ரிப்பேர் பார்க்கக் குழிக்குள்ள இறங்குறவன் மாட்டிட்டு இறங்குவான். மாட்டினவனே வந்துதான் எடுக்கணும். அதுவரைக்கும் வண்டியை யாரும் அசைக்கக் கூடாது.”

சொன்ன வாய் மூடுமுன், சம்பந்தி முன்னால் பட்டறையின் மானம் போகிறதே என்று, அவரே அதை உருவிப் பையில் திணித்துக்கொண்டார். துணி வெதுவெதுப்பாக இருந்தது. புது எண்ணெய்.

அவருக்குக் காது மடல் சுட்டது. இதே எஞ்சினில் இதே கை முன்பும் ஒருமுறை கொடியை உருவியிருக்கிறது. அதிகாரி வருகிறார் என்ற அவசரம், குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் பழுது பார்க்கும் பிட்டர் இருந்தான்; வண்டி நகர்ந்து அவனை நசுக்கியது. விசாரணையில், “அவன் கொடியே மாட்டலைங்க” என்று ஒரே போடாகப் போட்டார். செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப் போகிறான்? பழி பிட்டர் தலையில் விழுந்தது. அன்று முதல் போர்மேன் வெட்கத்தோடுதான் சோறு தின்கிறார். ஆனால் தின்கிறார்.

“அப்பா, நான் அடியில பார்த்துட்டு வரேன்.” கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மகள் குழிப்படியில் இறங்கிவிட்டாள்.

“வேண்டாம்மா” என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

பக்கத்துக் கூடத்துச் சத்தம் சட்டென்று நின்றது. கிரேன் இல்லை. ஆட்கள் இல்லை. எங்கோ நீராவி கசிந்தது. நிலக்கரிப் புகை மணத்தது. குழிக்குள்ளிருந்து சுத்தியல் தட்டும் ஓசை.

டங்.

டங்.

“அப்பா, இங்க ஒருத்தர் வேலை செஞ்சிட்டிருக்காரு. உங்களைத் தெரியுமாம்.”

“மேல வாம்மா.”

“கையை விடமாட்டேங்கிறாரு.” அவள் குரலில் சிரிப்பு வற்றியிருந்தது. “அன்னிக்கு அவரு கொடி மாட்டியிருந்தாரா இல்லையான்னு கேக்கச் சொல்றாரு. சொன்னா விட்டுடுவாராம். அப்பா, சொல்லுங்கப்பா!”

போர்மேன் வாயைத் திறந்தார். மாட்டியிருந்தான். ஒரே ஒரு வார்த்தை. சம்பந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு சம்பந்தி அது? என்ன விவகாரம்?”

உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம்தான் முந்திக்கொண்டது.

“இல்லம்மா” என்றார் போர்மேன். “அவன் மாட்டலை.”

தட்டும் ஓசை நின்றது.

நெருப்பே இல்லாத எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. சக்கரம் அசைந்தது. மெதுவாக. அவர் மண்டியிட்டு, “மாட்டியிருந்தான்! மாட்டியிருந்தான்!” என்று கத்தியபடி ஆரக்கால்களின் இடுக்கில் எட்டிப் பார்த்தார். கீழே, கைபேசி வெளிச்சத்தில், எண்ணெய் வழியும் இரண்டு முகங்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அவரை அண்ணாந்து பார்த்தன. ஒன்று கண் சிமிட்டவே இல்லை. மற்றொன்று அவருடைய மகள். அவளும் சிமிட்டவில்லை.