கழட்டிட்டேன், கை வை

நாங்கள் அந்த ஹாலுக்குப் போய் இறங்கியபோது உச்சி வெயில். பழைய கட்டடம். நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். மேடையில் ஈரத் துணியும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை. அதற்கு நடுவே கறுப்புத் தோல் போர்த்திய ஒரு பெரிய பெட்டி.

"அக்கா! வால்வு ஆம்ப்!" என்று கத்திக்கொண்டு ஓடினான் என் தம்பி.

எங்கள் குழுவில் அவன் கிட்டார், நான் பேஸ் கிட்டார். பழைய ரேடியோவில் இருக்குமே, சூடாகிச் சிவக்கும் கண்ணாடி வால்வு, அது வைத்த ஆம்ப்ளிஃபையரைக் கண்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கூட வாசிப்பவர்கள் அவனுக்கு 'வால்வு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த அரைக்கிறுக்கு ஒருவன்தான்.

"நம்ம ஆம்ப் வண்டியிலேயே கிடக்கட்டும். இன்னைக்கு நான் இதுலதான் வாசிப்பேன்."

"தூக்குற வேலை மிச்சம்னு சொல்லு," என்றேன்.

வால்வுகள் சூடேறியதும் கிட்டாரை ஒரு இழுப்பு இழுத்தான். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சுக்குள் இறங்குகிற சத்தம். ஆனால் விரலை எடுத்த பிறகும் ஓர் இரைச்சல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே யாரோ மூச்சு விடுவது போலக் கேட்டது. ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தேன். மூச்சு நின்றது. காதை எடுத்தேன். மறுபடி ஆரம்பித்தது.

எனக்குப் பிடிக்கவில்லை.

"பழைய வால்வு அப்படித்தான்க்கா. பக்கத்துல பேசுறது, தட்டுறது எல்லாத்தையும் வாங்கிக்கும். உள்ள ஒரு ஒயர் லூசா இருக்கு போல. நீ போய் பிளக்கைக் கழட்டு," என்றபடி பின்பலகையைத் திறந்தான்.

இந்த வேலைக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. வால்வு ஆம்புக்குள் நிற்கும் கரண்டு, வீட்டுக் கரண்டைவிட மோசமானது. தொட்டால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் நான் பிளக்கைப் பிடுங்குவேன். உள்ளே தேங்கியது வடியும்வரை காத்திருப்பேன். பிறகு, "கழட்டிட்டேன்டா, கை வை" என்று கத்துவேன். அவன் "சரிக்கா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான். எத்தனையோ மேடைகளில் செய்தது.

அந்த ஹாலில் பிளக் இருந்தது மேடைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டு இடுக்கில். அங்கிருந்து பார்த்தால் தம்பி தெரியமாட்டான். செல்ஃபோன் வெளிச்சத்தில் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. பிளக்குக்கு இன்னும் கை எட்டவில்லை.

"கழட்டிட்டேன்டா, கை வை."

என் குரல்.

மேடையிலிருந்து வந்தது. அந்த 'டா'வில் நான் காட்டும் அதிகாரம்கூட அப்படியே இருந்தது. அதே நொடியில் இரைச்சலும் அடங்கியது.

"சரிக்கா," என்றான் தம்பி.

"டேய், தொடாதடா!"

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கும்போதே அந்தப் பக்கம் பட்டென்று வெடித்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தம்பி மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, உதடு நடுங்கியது. விரலுக்கு முந்திக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் பட்டிருக்கிறது. அதன் முனை உருகிப் போயிருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முதுகில் ரெண்டு போட்டேன்.

"நீதானேக்கா சொன்ன?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

சத்தம் கேட்டு வந்த காவலாளி, பெட்டியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"முன்னாடி ஒருத்தர் இதுக்குள்ள கை வெச்சுத்தாம்மா போனாரு," என்றார் தாழ்ந்த குரலில். "பிளக்கைக் கழட்டிட்டேன்னு அவர் சம்சாரம் சத்தம் கொடுத்தாங்களாம். நான் கொடுக்கவே இல்லைன்னு அந்தம்மா இன்னைக்கும் அழுவுது."

அன்று எங்கள் சொந்த ஆம்பிலேயே வாசித்து முடித்தோம். கத்திச் சொல்லும் பழக்கத்தை அத்தோடு விட்டோம். கழற்றிய பிளக்கை நானே எடுத்துப்போய் அவன் மடியில் போடுவது, அவன் அதைக் கண்ணால் பார்த்த பிறகு கை வைப்பது என்று முடிவானது.

அடுத்த நிகழ்ச்சி வேறோர் ஊரில், திறந்தவெளி மேடையில். காலையில் ஒத்திகை. எங்கள் சொந்த வால்வு ஆம்ப்தான்; இருந்தும் பாதியில் இரைச்சல் கிளம்பியது. அது ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுவந்து, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவன் மடியில் போட்டேன். வால்வுகள் அணைந்து ஆறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் அசடு வழிந்தான்.

"திட்டாதக்கா. அந்த ஹால் ஆம்ப்ல இருந்து ஒரே ஒரு வால்வைக் கழட்டிட்டு வந்துட்டேன். அந்த சவுண்டை விட்டுட்டு வர மனசு கேக்கல. இதுலதான் போட்டிருக்கேன்."

அவன் தோளைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவன் குனிந்து தலையைப் பெட்டிக்குள் நுழைத்துவிட்டான்.

பிளக் அவன் மடியில்தான் கிடந்தது.

அவன் முகம் இருந்த பக்கத்துக்கு மறுபக்கம், ஓரத்தில், ஒரு வால்வு மட்டும் மெல்லச் சிவக்கத் தொடங்கியது.

"கழட்டிட்டேன்டா, கை வை."

"சரிக்கா," என்றான் தம்பி.

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.