இரண்டிலிருந்து மூன்றுக்கு

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக எத்தனை கை வேண்டும்? ஒன்று போதும். இந்த ஆளுக்கு மட்டும்தான் எப்போதும் இரண்டு வேண்டியிருந்தது.

தமிழ்மதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துக்கம் நடந்து நான்கு மாதம்கூட ஆகாத வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பழனி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்த வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். சுவரில், மாலைக்கு நடுவிலிருந்து பெருமாள்சாமி மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோதும் அதே சிரிப்புதான். கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும், "கரண்டி பிடிச்ச கை கியர் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

ஏழு வருடத்துக்கு முன்பு அவரிடம்தான் அவள் கார் ஓட்டப் பழகினாள். பழகினாள் என்று சொல்வதே தப்பு. முப்பது நாளும் கியர்த் தண்டின் மேல் அவள் இடது கை இருந்தது, அவள் கையின் மேல் அவர் வலது கை இருந்தது. கனத்த, ஈரமான கை. அதில் ஒரு நவரத்தின மோதிரம். "இப்பிடித்தாம்மா, நைசா," என்பார். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது அந்தக் கை அவசியத்துக்கு மேல் செத்த நேரம் அங்கேயே கிடக்கும். பார்த்தால், பார்வை ரோட்டில் இருக்கும். முகத்தில் பக்தி போல ஒன்று இருக்கும். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை.

லைசென்ஸ் வாங்கிய மறுநாள் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போனவள், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மூன்று தடவை வண்டியை அணைத்துவிட்டு நின்றாள். பின்னால் டவுன் பஸ் அலறியது. "ஏம்மா, உனக்கெல்லாம் எதுக்கு இது?" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டான். எனக்கு வராது என்று அன்றைக்கு அவள் நம்பினாள். பிறகு இரண்டு மாதம், விடியற்காலையில், காலி மைதானத்தில், தனியாக ஓட்டித்தான் கற்றுக்கொண்டாள். மூன்று வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஆனாலும் மூன்றாவது கியர் போடும்போது அவள் கை ஒரு கணம் தண்டை விட்டு விலகும். சுட்டது போல விலகி, மறுபடி வந்து பிடிக்கும். அதை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை.

மாஸ்டர் மனைவி சிவனம்மாள் சாவியோடு வெளியே வந்தாள். கழுத்துச் சங்கிலியில் அந்த நவரத்தின மோதிரம் தொங்கியது.

"மாஸ்டர் வேலைக்கு ரெண்டு பேரு வந்தாய்ங்க தமிழு, ஒருத்தனும் நிக்கல. அந்த ராபின் பய ஏழே நாளு. காலு வலிக்குதாம். ஆம்பளைக்குக் கால் வலியாம்!"

"நான் நிப்பேன்மா."

"நிக்கணும். பொம்பளைப் பிள்ளைக பொம்பளை மாஸ்டர்தான் வேணும்னு கேக்குதுக." சாவியைக் கொடுத்தவள் விரலை உடனே எடுக்கவில்லை. "அந்த எடப்பக்க சீட்டுல உக்காரயில செத்த பாத்து உக்காரு."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

"கிழியல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சீட்டில்தான் மாஸ்டர் செத்தார். நத்தம் ரோட்டில், பழக வந்த ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுபோனது. நின்ற பிறகும் கை அந்தப் பெண்ணின் கையை விடவில்லையாம். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். ஊர் அதைப் பாசம் என்றது. கடைசி மூச்சு வரை தொழில் பக்தி என்றது.

அதைக் கேட்ட அன்று தமிழ்மதி தன் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கார்க் கதவைத் திறந்ததும் மாஸ்டர் எப்போதும் மெல்லுகிற பன்னீர்ப் புகையிலையின் வாசனை வந்தது. நான்கு மாதம் ஆன வாசனை போல இல்லை. இப்போதுதான் யாரோ மென்று துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. இடது சீட்டு நடுவில் குழிந்து கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். சீட்டு சூடாக இருந்தது.

வண்டி நிழலில் நின்றிருந்தது.

*

முதல் மாணவி இளவேனில். இருபத்திரண்டு வயது, சிறுமலைக்காரி. அப்பாவுக்கு வாழைத் தோட்டம். அவர் காலில் மரம் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். மலைக்கு வருகிற பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும். வீட்டில் ஜீப் இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை. டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் பழகிவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் அவள் ஜீப்பை எடுத்தாக வேண்டும்.

"எனக்கு வருமாக்கா?" என்றாள், சீட் பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே.

"வராம? ஆம்பளைக என்ன வயித்துக்குள்ளயே கியர் போட்டுப் பழகிட்டா வாராய்ங்க?"

இளவேனில் சிரித்தாள். வண்டி தாடிக்கொம்பு ரோட்டில் முதல் கியரில் ஊர்ந்து, இரண்டாவதுக்குப் போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மலைக்கோட்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. தமிழ்மதி மடியில் நோட்டை வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள். தன் கை அந்தப் பெண்ணின் கைப்பக்கம் போகவே கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

"இப்ப மூணு போடு."

இளவேனில் தண்டைத் தள்ளினாள். அவள் முகம் மாறியது. ரோட்டைப் பார்த்தபடியே, சங்கடமாக, மெல்லிய குரலில் சொன்னாள்:

"அக்கா, நானே போட்டுக்கிறேன்க்கா. கையை எடுத்துருங்க."

தமிழ்மதி குனிந்து பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கையும் மடியில், நோட்டின் மேல் இருந்தன.

"நிப்பாட்டு," என்றாள்.

வண்டி ஓரமாக நின்றதும் இளவேனில் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். புறங்கையில், விரல் முட்டிக்குக் கீழே, வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. அதற்குள் ஒன்பது சின்னக் குழிகள்.

தமிழ்மதிக்குப் பயம் வந்தது. ஆனால் அதற்கும் மேலே, அதைவிட வேகமாக, ஓர் அருவருப்பு ஏறிவந்தது. செத்தவர்கள் எதற்கு எதற்கோ திரும்பி வருவார்கள் என்று கேட்டிருக்கிறாள். பழி வாங்க வருவார்கள், பிள்ளையைப் பார்க்க வருவார்கள். இந்த ஆள் இதற்கு வந்திருக்கிறார். எமலோகம் வரை போய், இதற்காகத் திரும்பி வந்திருக்கிறார்.

*

அன்று மாலை அவள் டார்ச் அடித்து வண்டிக்குள் குனிந்து பார்த்தாள். பழகுகிறவரின் பக்கம் மூன்று மிதி, சொல்லிக்கொடுக்கிறவரின் பக்கம் கிளட்சும் பிரேக்கும் என இரண்டு. இடப்பக்கக் கிளட்சை மிதித்தால் அடியில் ஓடும் கம்பி வலப்பக்கத்துக் கிளட்சையும் கீழே இழுக்கும். வலப்பக்கம் மிதித்தால் இடப்பக்கம் அசையாது. ஆபத்துக்கு உதவ வைத்த ஏற்பாடு.

எத்தனையோ வருடம், எத்தனையோ பெண்கள் மிதித்திருக்க வேண்டிய வலப்பக்கக் கிளட்சின் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. ஆபத்துக்கு மட்டும் மிதிக்க வேண்டிய இடப்பக்கக் கிளட்சில் ரப்பரே இல்லை. தேய்ந்து, இரும்பு பளபளத்தது.

தமிழ்மதி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது நாளும் அவள் கிளட்ச் மிதிக்கவே இல்லை. அவள் கால் அழுத்துவதற்கு அரை நொடி முன்னால் அவர் கால் அழுத்தியிருக்கிறது. அவள் விடுவதற்கு முன்னால் அவர் மெல்ல விட்டிருக்கிறார். கிளட்ச் எங்கே பிடிக்கும் என்பதை அவள் பாதம் அறியவே விடவில்லை. அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் வண்டி செத்தது. அவரிடம் பழகிய அத்தனை பேருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய், எனக்கு வராது என்று சொல்லிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஓட்டுகிறவளாக அவர் ஒருத்தியைக்கூட வெளியே அனுப்பியதில்லை.

எவ்வளவு சின்ன ஆள் என்று நினைத்தாள்.

இருட்டாத அந்த மாலையில், யாரும் தொடாத இடப்பக்கக் கிளட்ச் மெல்லக் கீழே இறங்கியது. செத்த நேரம் அங்கேயே நின்றது. மெல்ல, நைசாக, மேலே வந்தது.

*

மூன்று நாள் கழித்து, சிறுமலை அடிவாரத்தைத் தாண்டிய முதல் வளைவு. கையில் தடம் பதிந்த பிறகும் இளவேனில் வராமல் இருக்கவில்லை; மாதக் கடைசிதான் அவள் கண்ணில் இருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழகாமல் அந்த மலையில் ஜீப் ஓட்ட முடியாது. காலை ஏழு மணிக்கே பனி இறங்கி, ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. காட்டில் ஒரு பறவைச் சத்தமும் இல்லை. புகையிலை வாசனை மட்டும் இருந்தது.

இளவேனில் நிறுத்தினாள். முதல் கியர் போட்டாள். கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஏறுவதற்குத் துடித்தது.

இடப்பக்கக் கிளட்ச் தானாக இறங்கியது.

என்ஜின் வெறுமனே அலறியது. வண்டி பின்னால் உருண்டது. பின்னால் பள்ளம்.

தமிழ்மதி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். ஒரு கல் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அது அடியைத் தொடுகிற சத்தம் கேட்கவே இல்லை.

"எனக்கு வராதுக்கா." இளவேனில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். "நான் எறங்கிக்கிறேன். என் காலு நான் சொன்னபடி கேக்கல."

"அது உன் காலு இல்ல."

"பெறகு யாரு காலு?"

தமிழ்மதியின் காதுக்குப் பின்னாலிருந்து, அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு உள்ளிருந்து, ஈரமான ஒரு மூச்சு வந்தது.

"காலை எடும்மா. நான் பாத்துக்கிறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக அவள் உட்கார்ந்திருந்தது சீட்டில் அல்ல.

ஒரு மடியில்.

உடம்பு முழுவதும் கதவைத் திறந்துகொண்டு ஓடச் சொன்னது. ஓடினால் அந்தப் பெண்ணும் ஓடுவாள். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். தமிழ்மதி வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல், இடது பாதத்தைக் கிளட்சுக்கு அடியில் நுழைத்து, பாதத்தின் மேற்புறத்தால் இரும்பைத் தாங்கினாள்.

"இப்ப வண்டியை எடு. அது ஏறப் பாக்கயில நான் பிரேக்கை விடுவேன்."

"பயமாருக்குக்கா."

"எனக்கும்தான். கை மேல ஏதாச்சும் வந்தா வரட்டும். நீ உன் கையை எடுக்காத."

கிளட்ச் அழுந்தியது. ஓர் ஆளின் முழு எடை. செத்தும் ஒரு கிலோ குறையவில்லை. இரும்பு தோலைக் கிழித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். பக்கத்தில் இளவேனிலின் கால் மெல்ல, அதன் போக்கில், தேடி, கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்தது. வண்டியின் மூக்கு எழும்பியது. தமிழ்மதி பிரேக்கை விட்டாள்.

ஏறியது.

"அக்கா!" என்று கத்தினாள் இளவேனில். "அக்கா, போகுதுக்கா! நான்தானேக்கா எடுத்தேன்?"

"நீதான். நீ மட்டுந்தான்."

*

தமிழ்மதியின் பாதத்தில் இருந்த காயத்தைப் பார்த்த சிவனம்மாள் எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் எடுத்து வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் தமிழ்மதி.

"ராபினுக்கும் இதே எடத்துலதான்." சிவனம்மாள் சங்கிலியில் இருந்த மோதிரத்தைத் திருகினாள். "முப்பது வருசம் அந்த வண்டியில போயிருக்கேன். ஒரு தடவ சாவியைத் தொட விட்டதில்ல மனுசன். இப்ப எனக்குன்னு அவரு இருக்குறதும் அந்த வண்டியிலதான். நீ காலை மடக்கி வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திரு தமிழு. சம்பளம் வரும். பிள்ளைக பழகுனா பழகுது, பழகாட்டிப் போகுது. அவரு இருந்துட்டுப் போகட்டுமே."

தமிழ்மதி சாவியை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அப்துல் வாஹித் கடையில் அரை மணி நேர வேலை. இடப்பக்கக் கிளட்சைக் கம்பியோடு கழற்றிக் கையில் கொடுத்தார். "பிரேக் மட்டும் போதுமாம்மா?"

"போதும் பாய்."

மறுநாள் காலை அவள் தனியாக ஓட்டிக்கொண்டு இளவேனிலை அழைக்கப் போனாள். ரோடு காலியாக இருந்தது. ஒன்று. இரண்டு. என்ஜின் மூன்றாவதைக் கேட்டது. அவள் தண்டைப் பிடித்தாள்.

பக்கத்தில், காலி சீட்டு மெல்லக் குழிந்தது.

அவள் கையின் மேல் அந்தக் கை வந்து படிந்தது. கனமாக, ஈரமாக. மோதிரம் எலும்பில் அழுந்தியது. ஏழு வருடமாகச் சுட்டுக்கொண்டு விலகுகிற கை, விலகுவதற்குத் துடித்தது.

"கையை விடும்மா," என்றது பக்கத்திலிருந்து. "நான் போடுறேன்."

தமிழ்மதி சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு அங்கே எதுவும் இல்லை.

"வேணாம்," என்றாள், சத்தம் போடாமல்.

அந்தக் கை போகவில்லை. அதை மேலே வைத்துக்கொண்டே, தன் கையை எடுக்காமல், அவள் மூன்றாவது கியரைப் போட்டாள்.