டிக்கிக்கு மேலே படுக்கை

குமிழி நடுவில் இல்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் பலகையோடு ஒட்டியிருந்த ரசமட்டத்தை ரோஸ்விதா இரண்டாவது தடவையாகக் குனிந்து பார்த்தாள். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே பச்சைத் திரவம், அதில் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி. அரை மணி நேரத்துக்கு முன்னால் அது இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் நின்றது. இப்போது வண்டியின் முன்பக்கமாக நகர்ந்து கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. குமிழி எப்போதும் மேட்டைத் தேடித்தான் போகும். அப்படியானால் வண்டியின் பின்பக்கம் இறங்கியிருக்கிறது.

"எக்கார்ட், மட்டம் தப்பியிருக்கு."

"நான் வச்ச மட்டமா?" கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டிருந்த அவள் கணவன் எக்கார்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் கண்ணுதான் தப்பியிருக்கும்."

"கண்ணாடி போட்டுட்டுத்தான் பார்த்தேன்."

"அப்போ கண்ணாடியை மாத்து."

"விளையாடாதே. கீழே தார்த் தரை. சேறா என்ன, சக்கரம் புதையறதுக்கு?"

"பாத்திரம் கழுவினோம்ல? அந்தத் தண்ணி அழுக்குத் தொட்டிக்குப் போயிருக்கும். எடை இடம் மாறினா மட்டமும் மாறும், இன்ஸ்பெக்டரம்மா." முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் அவன். எடையைப் பற்றி அவனிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

நவம்பர் பிறந்தால் ஜெர்மனியில் காசல் நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, வீடு போலவே அமைத்த கேரவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்பெயின் கடற்கரைக்குப் போவது அவர்களுக்கு ஒன்பது வருடப் பழக்கம். வழியில் எங்கே தூங்கினாலும் நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்துமிடத்தில் மட்டும் தூங்குவதில்லை என்பது அந்த ஒன்பது வருடச் சட்டம். இன்று சட்டம் உடைந்தது. வழக்கமாகத் தங்கும் கேரவன் முகாமின் வாசலில் சங்கிலி தொங்கியது. பிரான்ஸின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடகாற்று இறங்கிவிட்டது. மூன்று மீட்டர் உயர வண்டியை அந்தக் காற்றில் ஓட்டுவது, விரித்த கப்பல் பாயைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நடப்பதைப் போல. ஆகவே பதினைந்து லாரிகளுக்கு நடுவில், ஒரு மஞ்சள் விளக்குக்குக் கீழே நிறுத்தினார்கள்.

நிறுத்தியதும் எக்கார்ட் கதவுகளைக் கட்டினான். திருடர்கள் கண்ணாடியை உடைப்பதில்லை. ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒரு திருப்புளியைச் சொருகித் திருகுவார்கள், மூன்று நொடியில் பூட்டு மடங்கிவிடும். அதற்குத்தான் பட்டை. லாரிக்காரர்கள் சரக்கை இறுக்குகிற அதே பட்டையை வலது கதவின் உள் பிடியில் மாட்டி, இருக்கைகளுக்குக் குறுக்கே இழுத்து, இடது கதவின் பிடியில் கோர்த்து இறுக்கிவிட்டால், ஒரு கதவை இழுப்பவன் இன்னொரு கதவையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். கூரை ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி. வண்டியின் மூக்கு வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிற்கும், சாவி கொக்கியில் தொங்கும். சத்தம் கேட்டால் வெளியே இறங்கக் கூடாது. ஹாரனை அழுத்து, வண்டியைக் கிளப்பு, போய்விடு.

பத்து மணிக்கு எக்கார்ட் காது மிஷின்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டான். அதற்குப் பிறகு இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

படுக்கை வண்டியின் பின்கோடியில், டிக்கிக்கு மேலே இருந்தது. இரண்டு சைக்கிள் நிற்கும் அளவுக்குப் பெரிய டிக்கி. அதில்தான் ஹீட்டரும் இருந்தது. அங்கிருந்து கிளம்பும் வெண்ணிறக் குழாய் ஒன்று மரத்தட்டியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து ரோஸ்விதாவின் தலையணைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்திருந்தது. இளஞ்சூடான காற்று அவள் கன்னத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. தூசியும் ரப்பரும் கலந்த பழகிய வாசனைதான். ஆனால் இன்று அதற்குள் இன்னொன்றும் இருந்தது. நனைந்த கம்பளியை அடுப்பருகே காயப்போட்டது போல.

அவள் கண்ணை மூடி வண்டியைக் கவனித்தாள். சுருள்வில்களின் மேல் நிற்கும் வீடு எல்லாவற்றையும் சொல்லிவிடும். காற்று அடித்தால் பக்கவாட்டில் தள்ளாடும். பெரிய லாரி கடந்தால் முதலில் தள்ளி, பிறகு உறிஞ்சும். யாராவது படியில் கால் வைத்தால் கதவுப் பக்கம் அமுங்கும். ஒன்பது வருடத்தில் அவளுக்கு இவை ஒவ்வொன்றும் மனப்பாடம்.

இப்போது வந்த அசைவு இவற்றில் எதுவும் இல்லை. அவளுக்கு நேர் கீழே ஏதோ ஒன்று, தூக்கத்தில் புரள்கிறவரைப் போல, பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டது.

எக்கார்ட் அசையவில்லை. அவன் மூச்சு எப்போதும்போல முடியும் இடத்தில் ஒரு சின்ன விசிலோடு வந்து போனது.

ஹீட்டரின் விசிறி போதுமான சூடு வந்ததும் தானாக நிற்கும். நின்றது. காற்று வருவதும் நின்றது. அந்த அமைதியில், குழாயின் வாயிலிருந்து மூச்சு கேட்டது.

உள்ளே. வெளியே. நிதானமாக.

தலையைத் தூக்கினாள். எக்கார்டின் மூச்சு இடது பக்கம். இது வலது பக்கம், குழாயில்.

அப்போதுதான் அவளுக்கு அந்த இரண்டு நிமிடம் நினைவுக்கு வந்தது. வண்டியை மட்டமாக்க எக்கார்ட் டிக்கியைத் திறந்துதான் மஞ்சள் நிறச் சாய்கட்டைகளை எடுப்பான். அவற்றை முன்சக்கரங்களுக்கு அடியில் வைப்பான். அவள் ஓட்ட, அவன் முன்னால் நின்று விரலால் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து என்பான். பிறகு இருவரும் உள்ளே வந்து தலையோடு தலை முட்டக் குமிழியைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். கேரவன்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். அதற்குப் பிறகுதான் போய் டிக்கியைப் பூட்டுவான். அதுவரை பின்னால் அது திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் பின்பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

இன்று அவன் பூட்டியிருக்கிறான். இரண்டு முறை இழுத்தும் பார்த்தான்.

அவனை உலுக்கினாள். விளக்கைப் போட்டு, காது மிஷினைக் கையில் திணித்தாள்.

"கீழே யாரோ இருக்காங்க."

"எங்கே?"

"டிக்கில. மூச்சு கேக்குது."

எக்கார்ட் குழாயில் காதை வைத்தான். அந்த நேரம் பார்த்து விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "ஹீட்டர் மூச்சு விடுது, ரோசி. அதுக்கும் வயசாச்சு, என்னைய மாதிரி."

"போகாதே. கிளம்பிடலாம்."

"இந்தக் காத்துல கிளம்பி வண்டியைக் கவுத்துப் போடவா? தண்ணி கேன் உருண்டிருக்கும். கட்டிட்டு வந்துடறேன்." அவன் பேன்ட்டை மாட்டி, டிக்கிச் சாவியை எடுத்துக்கொண்டான். "யாராவது குளிருக்கு உள்ள படுத்திருந்தா, பாவம், ஒரு டீ குடுத்து அனுப்பு."

"சட்டம் போட்டதே நீதான். இறங்கக் கூடாதுன்னு."

"அது வெளியில சத்தம் கேட்டா. இது நம்ம வீட்டுக்குள்ள."

அவன் இறங்கியதும் அவள் இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டாள். அதுவும் சட்டம்தான். உள்ளே இருப்பவர் பூட்டிக்கொள்ள வேண்டும், மூன்று தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு கேட்டால் மட்டும் திறக்க வேண்டும். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரசமட்டத்தின் முன்னால் நின்றாள். அவன் காலடிகள் வண்டியின் பக்கவாட்டில் பின்னோக்கிப் போயின. சாவி திரும்பியது. டிக்கிக் கதவு பெருமூச்சோடு மேலே எழுந்தது.

"ஒண்ணுமில்ல!" அவன் குரல் பலகைக்கு அந்தப் பக்கம் காற்றோடு கலந்து வந்தது. "ரெண்டு சைக்கிள், உன் நாற்காலி, ஒரு..."

பிறகு, "ஓ."

பயந்த குரல் இல்லை. தெரிந்தவரை எதிர்பாராத இடத்தில் பார்த்தது போல ஒரு "ஓ".

வண்டியின் பின்பக்கம் இறங்கியது. குதித்தது போல இல்லை. யாரோ ஒருவர் மெதுவாக, கவனமாக உட்கார்ந்தது போல. குமிழி முன்னோக்கி நகர்ந்து, கோட்டைத் தாண்டி, குழாயின் கோடியில் முட்டி நின்றது.

கதவு மூடியது. சாவி திரும்பியது.

அவள் காத்திருந்தாள். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு.

காற்று மட்டும்தான்.

"எக்கார்ட்?"

முன்னால் ஓடி, பட்டையைத் தாண்டிக் கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையை விலக்கிப் பார்த்தாள். பதினைந்து லாரிகளிலும் திரைகள் மூடியிருந்தன. ஒன்றில் விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. சத்தம் கேட்டால் இறங்கக் கூடாது. அவர்களுக்கும் அதே சட்டம்தான்.

அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எந்தத் திசை, எந்த நிறுத்துமிடம் என்று கேட்டாள். ரோஸ்விதா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, நேரமாகும் என்றாள் அந்தப் பெண். "உள்ளேயே இருங்க அம்மா. எல்லாத்தையும் பூட்டிக்கோங்க."

எல்லாம் பூட்டித்தான் இருந்தது.

வண்டிச் சாவி கொக்கியில் இருந்தது. கிளப்பினால் போய்விடலாம். ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் எப்படிப் போவது? சக்கரத்துக்கு அடியில் கிடந்தால்? உள்ளே இருந்தால்?

விசிறி நின்றது.

குழாயிலிருந்து இப்போது இரண்டு மூச்சு.

ஒன்று எக்கார்டுடையது. முடியும் இடத்தில் அந்தச் சின்ன விசில். உயிரோடு இருக்கிறான். அவள் குழாயின் வாயருகே போய்க் குனிந்தாள். இன்னொன்று பழைய மூச்சு, நிதானமான மூச்சு. இரண்டும் வேறு வேறு தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம். பிறகு நெருங்கின. பிறகு இரண்டாவது மூச்சின் முடிவிலும் ஒரு விசில் வந்தது. முதலில் தப்பாக. அப்புறம் சரியாக.

இனி எது அவனுடையது என்று சொல்ல முடியவில்லை.

படுக்கைக்குப் போகும் படியில் ஒரு சிறு கதவு உண்டு. வெளியே இறங்காமல் டிக்கியிலிருந்து சாமான் எடுப்பதற்கு. இந்தப் பக்கத்திலிருந்து மட்டும்தான் திறக்கும். அவள் அதன் முன்னால் மண்டியிட்டாள். அந்தப் பெண் சொன்னது காதில் இருந்தது. எக்கார்டின் விசிலும் இருந்தது. பொத்தானை அமுக்கினாள்.

கதவு திறந்தது. நனைந்த கம்பளி வாசனை முகத்தில் அறைந்தது.

டார்ச்சை உள்ளே நீட்டினாள்.

இரண்டு சைக்கிள். அவள் நாற்காலி. தண்ணீர் கேன், கட்டிய கயிறு அவிழாமல். அந்தப் பக்கம், பூட்டிய கதவு.

யாரும் இல்லை.

மூச்சு நிற்கவில்லை. சைக்கிள்களுக்கும் நாற்காலிக்கும் நடுவில், வெறும் இடத்திலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில், விசிலோடு வந்து போனது. ஒன்றாகத்தான் கேட்டது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். எடுத்தபோது தெரிந்தது.

ஒன்று இல்லை. மூன்று.

அவளுடையதும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

மாற்றிப் பார்த்தாள். வேகமாக இழுத்தாள். அவையும் வேகமாக இழுத்தன. மெதுவாக விட்டாள். அவையும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டிக்கிக்குள் மூச்சு நின்றது. அது விடவும் இல்லை, போகவும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், அவள் அடுத்து மூச்சு விடும்வரை காத்திருந்தது.