ஏணி ஏறும் முன்..!

"அய்யோ..! ஓடியாங்களேன்..! சாரு... சாரு..!"

அலறியவள் பெயர் வேண்டா. ஹேங்கரைப் பெருக்க வந்தவள். விளக்குமாறு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, ஏரிக்கரை ஓரம், தகரக் கூரை போட்ட ஹேங்கர். உள்ளே, பறந்து ஓய்ந்த ஒரு போர் விமானம். ராணுவ விமானங்களைப் பழுது பார்க்கப் போகிறவர்கள் அதைப் பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார்கள்.

அதன் வயிற்றுக்குக் கீழே தலைமைப் பயிற்சியாளர் வாசுதேவன் கிடந்தார்.

கழுத்து இருக்க வேண்டிய திசையில் இல்லை!

கூட்டத்தோடு ஓடி வந்து பார்த்த உதவிப் பயிற்சியாளன் சுதாகருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோன்ற என்ன இருக்கிறது..?

கொன்றதே அவன்தானே!

போன மாதம் மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், அவன் மனைவி ஷீலா ஒருவன் தோளில் சாய்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். அந்தத் தோள் வாசுதேவனுடையது. சுதாகர் பார்த்தான். திரும்பி வந்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

இன்று காலை, சக்கரம் மடங்கி உட்காரும் அறைக்குள் தலையை விட்டுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் வாசுதேவன். கதவுகளை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அறைக் கதவு மூடாதபடி தடுக்கும் இரும்புப் பின், சிவப்பு ரிப்பனோடு தொங்கியது.

சுதாகர் அதை உருவிக் கீழே போட்டான்.

ஏணி ஏறினான். விமானியின் இருக்கையில் உட்கார்ந்தான். அறைக் கதவை மூடும் லீவரைத் தட்டினான்.

டப்!

அவ்வளவுதான். லீவரைப் பழையபடி வைத்தான். கதவு திறந்தது. உடல் விழுந்தது. இறங்கி, கேன்டீனுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டான்.

செங்கல்பட்டிலிருந்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சாரதாம்பாள் முதலில் இறங்கினார். பின்னால் ஏட்டு அப்பாசாமி.

"இன்னா சார் இது..." அப்பாசாமி விமானத்தைச் சுற்றி வந்தார். "லாரி அடிச்சுப் பாத்துகீறேன்... ரயிலு அடிச்சுப் பாத்துகீறேன். நின்னுகினு கீற பிளேனு ஆளைக் கடிக்குமா?"

"ஹைட்ராலிக் பிரஷர் சார். கை வெச்சா கை... தலை வெச்சா தலை!" என்றான் சுதாகர்.

"அடேங்கப்பா! எங்க வூட்டு பீரோ கதவு வெரலை நசுக்குனதுக்கே நான் லீவு போட்டேன்!"

"அப்பாசாமி... உன் வாயும் கதவுதான். மூடு!" சாரதாம்பாள் சுதாகர் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, இது தானா மூடிக்குமா?"

"மூடக் கூடாது மேடம். பழைய மெஷினு. வால்வு லீக் ஆனா மூடிக்கும். அதுக்குத்தான் பின் போடறது."

"இவரு போடலையா?"

"அதோ, தரையில கெடக்குது. மறந்துட்டாரு போல..."

"ஊருக்கே சொல்லிக் குடுக்கறவரு மறந்துட்டாரா?"

"நீச்சல் தெரிஞ்சவன்தான் மேடம் கடல்ல சாவான். எங்க கோவளத்துல வந்து கேட்டுப் பாருங்க."

சாரதாம்பாள் 'உம்' கொட்டினார். நம்பியது போலத்தான் இருந்தது.

"அப்ப நீ எங்க இருந்த?"

"கேன்டீன்ல. வேண்டா கத்துன பொறவுதான் வந்தேன்."

ஏணியடியில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் செல்போன், சாவி, கண்ணாடிக்கூடு, ஒரு தங்க மோதிரம்.

"இது இன்னா, உண்டியலா?" அப்பாசாமி குனிந்தார்.

"சாரோடது. பிளேன்ல கை வெக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணிடணும். மோதிரத்தைக் கழட்டிடணும். ஒரு காசு உள்ள விழுந்து சிக்கிக்கிச்சுன்னா, மேல போன பொறவு பிளேனே விழுந்துடும்."

"கழட்ட மறந்தா..?"

"சாரு விட மாட்டாரு. வெரல் மேலயே ஸ்கேலால அடிப்பாரு. நானே வாங்கிகீறேன்."

மோதிரம் கல் இல்லாத, எழுத்து இல்லாத வெறும் வளையம். அங்கே மோதிரம் போடுகிற எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். சட்டென்று கழற்ற வேண்டுமே!

"எல்லாத்தையும் கவர்ல போடுங்க" என்றார் சாரதாம்பாள். "இவரு சம்சாரம் ஜோதிலட்சுமி ஜி.ஹெச்.சுக்கு வந்துகினு இருக்கு. அதுகிட்ட காட்டிடலாம். இது ஆக்ஸிடென்ட்தான். ரிப்போர்ட் வந்தா முடிச்சுடலாம்."

முடிச்சுடலாம்..!

அந்த ஒரு வார்த்தைதான் சுதாகருக்கு வேண்டியிருந்தது. கேஸை மூடிவிட்டால் போதும். தூக்குக் கயிறும் இல்லை, ஜெயிலும் இல்லை.

கோவளம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மோதிரத்தை உருட்டிக்கொண்டே வந்தான். லூசாகச் சுற்றியது. ஒரு மாதமாகச் சாப்பாடு சரியில்லை. இளைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

ஷீலா அருவாமனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாசுதேவன் சாரு செத்துட்டாரு" என்றான்.

அவள் கை நின்றது.

"எப்புடி..?"

"பிளேன் கதவு மூடிக்கிச்சு."

கை மறுபடி நகர்ந்தது. ஒரு துண்டு. இன்னொரு துண்டு.

"வலிச்சிருக்குமா..?"

"தெரியல. நான் கேன்டீன்ல இருந்தேன்."

அழுவாள் என்று நினைத்திருந்தான். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும்! அவள் அழவில்லை. அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னா மீனு..?"

"சங்கரா."

வாசலில் ஜீப் நின்றது!

"மீன் வாசனை ரோடு வரைக்கும் வருதேம்மா..." சாரதாம்பாள் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பாசாமி வாசலை அடைத்து நின்றார்.

"சுதாகர், காலையில ஏணி மேல ஏறுனியா?"

"இல்ல மேடம். கேன்டீன்லதான்..."

"பிளேன்கிட்டயே போவல?"

"போவல மேடம்."

"நல்லது." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "ஜோதிலட்சுமி இதைப் பிரிச்சுப் பாத்துச்சு. போன் சரின்னுச்சு. சாவி சரி. கண்ணாடிக்கூடு சரி. மோதிரத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடுச்சு. 'இது எங்க வூட்டுக்காரர்து இல்லீங்க'ன்னு!"

"துக்கத்துல ஏதோ..."

"துக்கம்தான். ஆனா அதுக்குப் படிக்கத் தெரியுமே! உள்பக்கம் பேரு வெட்டிகீது..." அவர் திரும்பினார். "உன் பேரு இன்னாம்மா?"

"ஷீ... ஷீலா."

"அதேதான்! ஹேங்கர்ல விசாரிச்சதுல, இந்தப் பேருல சம்சாரம் இருக்கறது இவனுக்கு மட்டுந்தான்!"

அருவாமனை சாய்ந்து விழுந்தது.

"இப்ப, உன் கையில கீறதைக் கழட்டுப்பா."

கழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விரலைச் சாய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. வாசுதேவனுக்குப் பெரிய விரல்.

அப்பாசாமி செல்போன் வெளிச்சத்தை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஜோதின்னு கீது மேடம்!"

அப்போதுதான் சுதாகருக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது. கை செய்த வேலை அது. ஏணியின் முதல் படிக்கு முன்னால் நின்று... சாவி, போன், மோதிரம்... ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து... கொலை செய்யப் போகிறவன்! இறங்கி வந்ததும் அதே கை தன் சாவியை எடுத்தது. தன் போனை எடுத்தது. ஒன்று போலவே இருந்த இரண்டு மோதிரங்களில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டது.

ஷீலா அவனைப் பார்த்தாள். அப்புறம் 'ஜோதி' மோதிரத்தைப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் தோன்றவில்லை.

"மேடம், ஒரு டவுட்டு" என்றார் அப்பாசாமி. "ஆளு தலையை நசுக்கப் போறவன், பிளேன்ல காசு விழக் கூடாதுன்னு ஏன் இம்மாம் பேஜாரு பட்டான்?"

"நீயே சொல்லு" என்றார் சாரதாம்பாள் சுதாகரிடம். "இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"வாசுதேவன் சாரு."

"செத்தும் குடுத்தான் சீதக்காதி! உங்க வாத்தியாரு செத்தும் புடிச்சுக் குடுத்துட்டாரு!" சாரதாம்பாள் எழுந்து விலங்கை எடுத்தார். "நட... லாக்கப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணணும்னு மத்தவனுக்குத்தான் சொல்லணும்... உனக்குச் சொல்லவே வேணாம்!"