தொய்ந்த கவர்

டீச்சர் அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். கதவைத் திறந்தவன் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. மேசை மேல் வைத்த பிறகும் கைப்பிடியை விடவில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவரை எல்லோரும் முத்திரைக்காரர் என்பார்கள். முப்பது வருடம் கடைகடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் சொல்வதை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவன் அவர் மனைவியின் தம்பி. டாக்ஸி ஓட்டுபவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அத்தான் வீட்டில்தான் இருப்பான்.

"என் தங்கச்சி போய்ப் பத்து நாள் ஆச்சு சார்," என்றாள் டீச்சர். "தனியா மலைக்குப் போய்ப் பள்ளத்துல குதிச்சிட்டான்னு எழுதி முடிக்கப் போறாங்க. நான் நம்பல. ஆனா நேத்து இந்தப் பெட்டியைத் திறந்ததுல இருந்து எனக்கே பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"அவ நிஜமாவே மனசு ஒடைஞ்சுட்டாளோன்னு."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்கள். மூன்றில் துணி. சுருட்டி, காற்றை அழுத்தி எடுத்து, அட்டை போலத் தட்டையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எழுதியிருந்தது. நான்காவது கவரில் ஒரு மூக்குக் கண்ணாடி. அந்தக் கவர் மட்டும் காற்று குறைந்து, சுருக்கம் விழுந்து, தொய்ந்து கிடந்தது.

"லென்ஸ் பட்டறையில பார்சல் கட்டுறவ அவ. துணின்னா காத்தை எடுத்துடுவா. உடையுற சாமான்னா வாயால ஊதி அடைப்பா. விரலால சுண்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும். வரலைன்னா மறுபடி திறந்து ஊதுவா. இப்படித் தொளதொளன்னு விட்டு நான் பார்த்ததே இல்ல. சாகப் போறவளுக்கு எதுக்கு மேளச் சத்தம்னு விட்டுட்டாளா சார்?"

முத்திரைக்காரர் அந்தக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கண்ணாடியை எப்ப எடுத்து வைப்பாங்க?"

"கடைசியா. ராத்திரி நாலு பக்கம் படிக்காம தூங்க மாட்டா. அதனால கிளம்புற அன்னிக்குக் காலையிலதான் அது பெட்டிக்குள்ள போகும்."

மீதியை டீச்சர் ஒரே மூச்சில் சொன்னாள். தங்கை கணவனைப் பிரிவதென்று முடிவு செய்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் செய்தி அனுப்பினாள்: 'நாளைக்கு வர்றேன்க்கா. மூணு நாள் உன்கூட. அப்புறம் மத்ததை யோசிப்போம்.' வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை மலைப்பாதைக்குக் கீழே உடல் கிடைத்தது. வெள்ளி காலையில் வீட்டில்தான் பெட்டியை அடுக்கினாள், பிறகு கடைக்கு என்று வெறுங்கையோடு போனவள் திரும்பவில்லை, பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, தான் மலைப்பக்கமே போகவில்லை என்று கணவன் எழுதிக் கொடுத்திருந்தான். பெட்டியை டீச்சர் அங்கிருந்துதான் எடுத்து வந்திருந்தாள்.

"கவர் ஓட்டையா இருக்கும் அத்தான்," என்றான் மைத்துனன். "இதுக்குப் போய்..."

"அப்போ வாளியில தண்ணி கொண்டா மாப்பிள்ளை."

கவரைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை.

"காத்து வெளியே போகல," என்றார் முத்திரைக்காரர், துண்டால் கவரைத் துடைத்துக்கொண்டே. "அந்த மலையில உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச இடம் ஏதாவது இருக்கா?"

"அவர் முதலாளியோட பங்களா இருக்கு. எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்."

முத்திரைக்காரர் தொலைபேசியை எடுத்து இன்ஸ்பெக்டரை அழைத்தார்.

மறுநாள் காலையில் மைத்துனனின் டாக்ஸி மலையடிவாரத்தைத் தாண்டியது. கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் ஜீப் தொடர்ந்தது. முன்னால் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு ஜன்னலோரம் டீச்சர், மறு ஜன்னலோரம் கணவன், நடுவில் முத்திரைக்காரர். உடல் கிடந்த இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கணவனை அழைத்து வந்திருந்தார்கள். முத்திரைக்காரர் மடியில் அந்தக் கவர் இருந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டான் கணவன்.

"சும்மா. டீச்சருக்கு அதை விட்டு வர மனசில்ல."

வண்டி வளைவு வளைவாக ஏறியது. குளிர் அடிக்கத் தொடங்கியதும் ஜன்னல்களை ஏற்றினார்கள். எட்டாவது வளைவில் மைத்துனன் வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "காது அடைக்குதா? எச்சில் முழுங்குங்க. மேல போகப் போக வெளிக்காத்து லேசாயிடும், காதுக்குள்ள இருக்கிறது பிதுங்கும். என் வண்டியில ஏறினா காதுக்கும் சேர்த்து வேலைதான்."

டீச்சர் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

பதினான்காவது வளைவில் கவர் சின்னத் தலையணை போலப் புடைத்து நின்றது. உள்பக்கம் மெல்லிய பனி படிந்திருந்தது. கணவனும் அதைப் பார்த்தான். பார்வையை வெளியே திருப்பினான். மறுபடி கவரைப் பார்த்தான்.

"வெயில் பட்டிருக்கும்," என்றான்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம் தம்பி. குளிருக்குச் சுருங்கத்தான் செய்யும்." முத்திரைக்காரர் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுல ஊதி அடைச்சிருந்தா, உங்க வீட்டுல இறுக்கமா இருந்திருக்கணும். இங்க வந்தா வெடிக்கிற மாதிரி ஆகியிருக்கணும். இது அங்க தொய்ஞ்சு கிடந்தது. இங்க வந்ததும் நிமிர்ந்து உக்காருது. ஓட்டை இல்லைன்னு தண்ணியில அமுக்கிப் பார்த்தாச்சு. அப்போ இதை அடைச்சது இந்த உயரத்துல. அடைச்சவங்க உயிரோட கீழே இறங்கல. ஆனா பெட்டி இறங்கி உங்க கட்டிலுக்கு அடியில போயிருக்கு. அதை யார் இறக்கினது?"

கணவனின் கை சட்டென்று பாய்ந்தது. குறி வைத்தது முத்திரைக்காரரை அல்ல, கவரை. அவன் விரல்கள் ஜிப்பின் ஓரத்தைப் பற்றிவிட்டன.

டீச்சர் குறுக்கே விழுந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். முப்பது வருடம் சாக்பீஸ் மட்டும் பிடித்த கைகள். அவனால் உதற முடியவில்லை. மைத்துனன் பிரேக்கை மிதித்தான். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து கதவைத் திறக்கும்வரை அவள் பிடியை விடவில்லை.

"திறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு," என்றார் முத்திரைக்காரர்.

பின்னால் வந்த ஜீப்பில் அவனை ஏற்றினார்கள். "இது கோர்ட்டுக்குப் போதாது. ஆனா எங்க தேடணும்னு தெரிஞ்சுபோச்சு," என்று இன்ஸ்பெக்டர் ஆட்களைப் பங்களாவுக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் தகவல் வந்தது. கழுவாத இரண்டு டம்ளர்கள். கட்டிலோரம் கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம், பாதி படித்தது. முதல் பக்கத்தில் டீச்சரின் பெயர்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் டீச்சர். சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். "பேசி முடிச்சுட்டு காலையில நானே உன் அக்கா வீட்டுல விடறேன்னு கூட்டிட்டு வந்திருப்பான். நம்பி வந்திருக்கா."

முத்திரைக்காரர் கவரை அவளிடம் நீட்டினார். அவள் தயங்கித் தயங்கி விரலால் சுண்டினாள். டம் என்று சத்தம் வந்தது.

"மனசு ஒடையல டீச்சர்," என்றார் அவர். "அன்னிக்குக் காலையில நல்லா ஊதி அடைச்சிருக்காங்க. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டோடு வந்தார். "உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்துப் பட்டியல்ல சேர்க்கணும்மா."

"திறக்காதீங்க."

"கண்ணாடியைப் பார்க்கணுமே."

"கண்ணாடி வெளியே இருந்தே தெரியுது சார். அதைச் சுத்தி இருக்கிறது அவ மூச்சு."

இன்ஸ்பெக்டர் கவரை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு எழுதினார்: மூக்குக் கண்ணாடி ஒன்று, மூடிய கவருடன். அடிவாரம் வரை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

வண்டி இறங்கியது. மைத்துனன் காதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆறாவது வளைவில் கவரில் முதல் சுருக்கம் விழுந்தது. டீச்சர் இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டாள். உள்ளே எதுவும் குறையவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும்.