பொறி பறக்காத கை

பூனை பஷ்மக்கின் முதுகில் அந்தக் கை தலையிலிருந்து வால்வரை போயிற்று. சத்தமே வரவில்லை.

ஹமதான் நகரில் பனி விழுந்து காற்று காய்ந்துவிட்டால், அந்தப் பூனையைத் தொடுகிறவர்கள் ஒவ்வொருவரும் 'சட்'டென்று ஒரு மின்னடி வாங்கித்தான் ஆகவேண்டும். அரையிருட்டில் நீலப் பொறிகூடத் தெரியும். மாஹ்ரோக் சற்றுமுன் வாங்கிய அடியில் விரல் நுனி இன்னும் சுருசுருவென்றிருந்தது. மகள் ஸீமினுக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை?

"பனியில வந்த ஈரக்கை, அண்ணி," என்றாள் நாத்தனார் ஷௌகத், எதிர்ப்பக்கத்தில் அக்ரூட் உடைத்தபடி. "ஈரம்னா அடிக்காது. என்னை அடிக்கிற அடியப் பாத்தா, செத்துப்போன என் மாமியார்தான் வால் முளைச்சு வந்திருக்காங்கன்னு தோணுது."

இருவருக்கும் நடுவில் கொர்ஸி: தாழ்ந்த மரச்சட்டம், அடியில் கரிக் கணப்பு, மேலே நாலு பக்கமும் தரையில் புரளும் கனத்த கம்பளிப் போர்வை. அதற்குள்தான் எல்லோருடைய கால்களும். மாஹ்ரோக்கும் ஷௌகத்தும் அடுக்களையில் நூக்கல் வேகவைத்துக்கொண்டிருந்தபோது கதவுச் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மூன்றாவது பக்கத்தில் போர்வை மேடாகப் புடைத்திருந்தது, ஒரு கை மட்டும் வெளியே. பள்ளி விட்டு வந்ததும் ஸீமின் தினமும் அப்படித்தான் புகுந்துகொள்வாள்.

கூரையிலிருந்து பனி சரிந்து முற்றத்தில் பொத்தென்று விழுகிற ஓசைக்கும், தேநீர்க் கெண்டியின் முணுமுணுப்புக்கும், கரிநெடியோடு கலந்த நூக்கல் வாசனைக்கும் அடியில், வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு வாடை போர்வையின் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

மாஹ்ரோக் அந்தக் கையைத் தொட்டாள். ஈரமில்லை. மாவைப் போல உலர்ந்திருந்தது. பொறியும் இல்லை.

"ஸீமின், முகத்தக் காட்டு."

"குளிருதும்மா."

அவள் போர்வையின் விளிம்பைப் பிடித்தாள்.

"தூக்காதீங்க அண்ணி. இருக்கிற சூடெல்லாம் போயிடும்."

அந்த ஊரில் எந்த வீட்டிலும் சொல்வதுதான். பிறந்தது முதல் கேட்டுக் கேட்டுப் பழகிய விரல்கள் தாமாக விட்டுவிட்டன.

பூனை எழுந்தது. மயிரெல்லாம் சிலிர்த்து நிற்க, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து சன்னல் மாடத்தில் ஏறிக்கொண்டது.

"அண்ணி, காலை எடுங்க. ஐஸ்கட்டியாட்டம் இருக்கு. வேற இடமே கிடைக்கலையா?"

"நான் மடக்கி உக்காந்திருக்கேன்."

"அப்போ உங்க பொண்ணு காலா? இவ்வளவு நீளமா..." ஷௌகத் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றது. கையிலிருந்த அக்ரூட் உருண்டது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

மாஹ்ரோக்கின் கணுக்காலை ஏதோ சுற்றியது. ஒரு சுற்று. இன்னொன்று. இறுகியது.

வெளியே வண்டி நின்றது. கணவன் யதோல்லாவின் குரல்.

"மாஹ்ரோக், பயந்துட்டியா? பஸ் வரலையாம். டீச்சர் வீட்லயே உக்காந்திருந்தா. கூட்டிட்டு வந்துட்டேன்."

கூடவே ஓர் இருமல். குழந்தையின் இருமல். ஸீமினுடையது.

வராதே. உள்ளே வராதே. உதடுகள் அசைந்தன. காற்றுகூட வரவில்லை.

போர்வைக்குள்ளிருந்து மாஹ்ரோக்கின் குரல் பேசியது. அவளுடைய குரலேதான். அதே கொஞ்சல்.

"சீக்கிரம் வா கண்ணு. உனக்காக எடத்தச் சூடா வெச்சிருக்கேன்."

கதவு திறந்தது. இமைகளில் பனியோடு ஸீமின் ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். காலை முதலில் நுழைத்தாள். பிறகு இடுப்பு. பிறகு தோள்.

"அப்பாடா," என்றாள்.

தலையும் உள்ளே போயிற்று.

யதோல்லா வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

போர்வை மெல்ல மெல்லத் தாழ்ந்து, மூன்றாவது பக்கத்தில் தரையோடு தரையாகத் தட்டையாகப் படிந்தது.