கார் ஷெட்டுக்கு எட்டொளி

"பெயர் குணாளன். வயது இருபத்தாறு. இருப்பிடம் ஏழாம் வான்பட்டறை, தரையிலேருந்து நானூறு கிலோமீட்டர் மேலே."

சொல்லிவிட்டு, சொல்பலகை அதைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தான். கையுறையோடு வேலை செய்பவர்களுக்காக வந்த பலகை அது. வாயால் சொன்னதை எழுத்தாக்கும். குணாளனுக்கு எதையும் இரண்டு தடவை பார்க்காவிட்டால் நெஞ்சு படபடக்கும்.

"விளக்கு எங்கே பொருத்த வேண்டும்?" என்று கேட்டது கடை.

"வீட்டு வாசல்ல. ரோட்டுலேருந்து கார் ஷெட்டு வரைக்கும் சிமெண்டுப் பாதை, அறுபது அடி. அது முழுக்க. அப்புறம் ஷெட்டு நெத்தியில."

"எவ்வளவு வெளிச்சம்?"

"மேலேருந்து பாத்தா தெரியணும்."

கடை மறுகேள்வி கேட்கவில்லை. அந்த வருஷம் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள்.

வான்பட்டறை என்பது காலாவதியான செயற்கைக்கோள்களைப் பிடித்து உடைத்துப் பிரிக்கிற இடம். தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் ஒரு வட்டச் சன்னல், அதில் கயிறு கட்டிய ஒரு பைனாகுலர். பட்டறை இரவு நேரத்தில் காவிரிப் பக்கம் கடக்கும் நாட்களில் அந்தச் சன்னலுக்கு வரிசை நிற்கும். ஆளுக்குச் சில வினாடிகள். முன்பெல்லாம் தஞ்சாவூர் ஒரு தீற்றல், மன்னார்குடி ஒரு பொட்டு, அவ்வளவுதான். அதற்குக் கிழக்கே உத்தேசமாக விரலை வைத்து, "இங்கதான் எங்க வீடு" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

எட்டொளி விளக்கு வந்தபிறகு உத்தேசம் போயிற்று. உள்ளங்கை அளவு பலகை, விளையாட்டு மைதானத்துக்குப் போதுமான வெளிச்சம். பாதைக்கு வெள்ளைப் பூச்சு பூசிவிட்டால் ஒளி அதில் பட்டு நேரே மேலே எகிறும். அவன் ஊர் மேலநெடுவாய்க்காலில் முதலில் மாட்டியவர் பக்கிரிசாமி. குணாளனுக்கு நாலு வீடு தள்ளி, பட்டறையில் அவனுக்கு மூத்தவர். "பாரு தம்பி, அந்தா, ஊசி முனையாட்டம்... அதான் எங்கம்மா இருக்குற எடம்" என்று அவர் காட்டிய அன்று குணாளன் தூங்கவில்லை.

அப்பா மாசிலாமணியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "காரே இன்னும் வரல. ஷெட்டுல மொபட்டும் ரெண்டு ஆடும் கெடக்கு. பாம்பு பூச்சி தெரியிற மாரி மஞ்சளா ஒரு பல்பு போதும்டா. ஆள் வந்தா எரியணும், போனா அணையணும்."

"மஞ்சள் வேணாம்ப்பா. மங்கலா இருக்கும். குளிர்வெள்ளைதான் எடுக்குறேன். பாதையில ஆறு, ஷெட்டு நெத்தியில ரெண்டு."

"எட்டா? கல்யாணக் கொட்டாயாடா அது?"

"நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க. எனக்கு இங்க பயமா இருக்குல்ல?"

மேலே இருக்கும் பிள்ளை பயப்படுகிறேன் என்றால் கீழே இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த ஊரின் எழுதாத சட்டம் அது.

பதிவின் கடைசியில் கடை ஒரு கேள்வி கேட்டது. திருடன் அணைத்துவிடக் கூடாது என்பதால் எட்டொளிக்குச் சுவிட்சு கிடையாது. குரல்முத்திரை பெற்றவர் சொன்னால்தான் கேட்கும். யார் யார் குரல்? குணாளன் யோசித்தான். அப்பாவிடம் யாராவது போனில், "ஐயா, கரண்டாபீசுலேருந்து பேசுறோம், விளக்கை அணைங்க" என்றால் உடனே அணைத்துவிடுவார். அம்மா அவரையும் முந்திக்கொள்வாள்.

"என் குரல் மட்டும்" என்றான்.

ஆவணியில் விளக்கு எரிந்தது. முதல் நாள் சன்னலில் அவன் முறை வந்தபோது பைனாகுலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மன்னார்குடிப் பொட்டுக்குக் கிழக்கே, பக்கிரிசாமியின் ஊசிமுனைக்குப் பக்கத்தில், அதைவிடக் கூர்மையாக இன்னொன்று. அம்மா அஞ்சம்மாளும் அப்பாவும் பாதையில் நின்று கையாட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆள் தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள்ளேதான் நிற்கிறார்கள்.

"தெரியுதாப்பா?" என்று போனில் கத்தினாள் அம்மா, காது கேளாதவனிடம் பேசுவதுபோல.

"தெரியுதும்மா."

பின்னால் நின்றவன், "போதும் நகருய்யா, நாங்களும் அம்மா வயித்துல பொறந்தவங்கதான்" என்று தோளைத் தட்டினான்.

புரட்டாசியில் விளக்கிடமிருந்து ஒரு சேதி வந்தது. *கிழக்குப் பக்கம் மறைப்பு. ஒளி கூட்டட்டுமா?* ஏதாவது மரக்கிளையாக இருக்கும் என்று நினைத்து, திருகாணியை முடுக்கிக்கொண்டே, "கூட்டு" என்றான். பத்து நாளில் மறுபடி அதே சேதி. "கூட்டு." ஐப்பசியில் மூன்றாவது முறை. அன்றைக்கு அவனுக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. "முழுசா கூட்டு" என்றான்.

எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன், என்ன மறைப்பு என்று வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டில் எப்போது விசாரித்தாலும், "விளக்கு நல்லா இருக்குப்பா" என்பார் அப்பா. அந்தக் குரல் வரவரத் தேய்ந்துகொண்டே வந்தது. "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" "ஒண்ணுமில்லப்பா, தூக்கம் கொஞ்சம் கம்மி. வயசாவுதுல்ல." ஐம்பத்தெட்டு வயதில் என்ன வயசாவுது என்று அவனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

இதற்குள் ஊரில் எட்டொளி இருபத்துமூன்று வீடுகளுக்குப் பரவியிருந்தது. மேலே போன பிள்ளைகள், துபாய் போன பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரன் மாட்டினான் என்று மாட்டியவர்கள். சன்னலில் பார்த்தால் ஊசிமுனைகள் ஒன்றோடொன்று கலந்து, கொட்டிய பால்போல ஒரே வெள்ளை. தன் வீடு எது என்று குணாளனுக்குத் தெரியவில்லை. உத்தேசமாக விரலை வைத்தான்.

கார்த்திகை தீபத்தன்று அம்மாதான் வாய்தவறினாள்.

"வெளக்கு வெச்சியாம்மா?"

"வெச்சேன் வெச்சேன். இருபத்தேழு அகல், பாதை ரெண்டு பக்கமும். என்னா, எரியுதா அணைஞ்சுடுச்சான்னே தெரியல. வெரல வெச்சி வெச்சிப் பாத்தேன், சுட்டாத்தான் எரியுதுன்னு..." சட்டென்று நிறுத்தினாள்.

"ஏம்மா தெரியல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அம்மா."

எதிர்முனையில் புடவை சரசரத்தது. யாரோ போனைப் பிடுங்கினார்கள். "குடு அஞ்சம்மா. நீ சொல்ல மாட்ட. ஒனக்கு மவன், எனக்கு வாயி" என்றது ஒரு குரல். வேதவல்லி அத்தை. அவன் வீட்டு வேலிக்குக் கிழக்கே மூன்று மா நிலம் அவளுடையது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒற்றை ஆளாக வருஷத்துக்கு ஒரு போகம் மாப்பிள்ளைச் சம்பா போடுவாள். அந்த வருஷச் சோறு அந்த மூன்று மாவில்தான்.

"ஏண்டா கொணா, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் அத்தை."

"நீ நல்லாருப்ப. என் நெல்லுதான் கண்ண மூட முடியாமக் கெடக்கு."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"இடுப்பொசரம் வளந்து நிக்கிது, பச்சப்பசேல்னு. கதிரு வரல. ஒரு கதிரு வரல. வெவசாய ஆபீசர் வந்து பாத்தாரு. பயிரு பகல எண்ணுறதில்லியாம், ராத்திரியத்தான் எண்ணுமாம். இருட்டு இத்தன நாழி இருந்தாத்தான், சரி, பூக்குற காலம் வந்துடுச்சின்னு அதுக்குத் தெரியுமாம். ஒன் வூட்டு வெளக்குல அதுக்கு இன்னும் ஆடி மாசம். அது பாட்டுக்கு வளருது, நான் பாட்டுக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

குணாளன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வேலியில படுதா கட்டினேன். வெளக்கு இன்னும் எரிஞ்சிது. எம் பொடவையெல்லாம் அவுத்துக் கட்டினேன். அதவிட எரிஞ்சிது. ஒங்கப்பன் சாக்கக் கொண்டாந்து வெளக்கு மேலயே போட்டாரு, பாவம். அன்னிக்கி எரிஞ்சிது பாரு, ஆடு ரெண்டும் கவுத்த அறுத்துக்கிட்டு ஓடிடுச்சி. வெளக்கா அது? பேயி."

மூன்று மறைப்பு. மூன்று "கூட்டு."

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

இப்போது அப்பா பேசினார். "நீ ஆசையா போட்டதுப்பா. அங்க தனியா கெடக்க, இதப் பாத்துத்தான் தெம்பா இருக்கேன்னு சொன்ன. அத எப்டி அணைக்கச் சொல்றது? அத்தைகிட்ட நாந்தான் கையெடுத்துக் கும்புட்டேன், இந்த மாசம் பொறுத்துக்கன்னு."

"நானும் பொறுத்தேன்" என்றாள் வேதவல்லி. அவள் குரலில் இப்போது ஏளனம் இல்லை. "நீ சின்னப் புள்ளையில எங்க களத்துலதான் கெடப்ப. அதான் பொறுத்தேன். இன்னும் பத்து நாளுக்குள்ள இருட்டு கெடச்சா பாதியாவது கதிரு வாங்கும்ங்குறாரு ஆபீசர். அப்பறம் நாளு நீண்டுடும், இந்த வருசத்துக்கு அவ்வளவுதான், வைக்கோலுதான்."

குணாளன் அங்கேயே, அந்த நொடியே சொன்னான்: "விளக்கு, அணை. எட்டும் அணை. இனிமே எரியாத."

கீழே அம்மா மெதுவாக, "அகலு தெரியிதுங்க" என்றாள், அப்பாவிடம்.

ஆனால் அது போதவில்லை. மறுநாள் அத்தையே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் வீட்டுப் பக்கம்தான் இருட்டு. கிழக்கே பக்கிரிசாமி ஷெட்டு, தெற்கே துபாய்க்காரர் ஷெட்டு, எல்லாம் எரிகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு நெல்லின் நிழல் நாலு திசையிலும் விழுகிறது. அந்த வீடுகளில் போய்க் கேட்டால், "எங்களால ஆவாதே, அவன் சொன்னாத்தானே கேக்கும்" என்கிறார்கள். பக்கிரிசாமியின் அம்மா கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாளாம். மகனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

குணாளன் பக்கிரிசாமியைத் தேடினான். அவர் மூன்று மாதத்துக்கு முன்பே மேல் பட்டறைக்கு மாற்றலாகிப் போயிருந்தார், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம். அங்கிருந்து பார்த்தால் இந்தியாவே ஒரு கையளவுதான். தொடர்பு கிடைத்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெளக்கா? அட, அது இன்னுமா எரியுது? நான் மறந்தே போயிட்டேன்யா. அம்மா ஒண்ணும் சொல்லலியே, நல்லா இருக்குன்னுதான சொல்லிச்சி?"

"சொல்ல மாட்டாங்கண்ணே. ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

பக்கிரிசாமி மெல்லுவதை நிறுத்தினார். "அணைச்சிடுறேன்" என்றார்.

இன்னும் இருபத்தொன்று. யாருடைய பிள்ளை எந்தப் பட்டறையில், எந்த நாட்டில், யார் எண் மாறிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்க ஆளில்லாத வெளிச்சம் ஊரெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

எட்டு நாள் மிச்சமிருந்தபோது பட்டறை மறுபடி காவிரிப் பக்கம் கடந்தது. குணாளன் சன்னலுக்குப் போனான். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் பைனாகுலரை எடுத்தான். கொட்டிய பாலில் ஒரு ஓட்டை இருந்தது. சின்னதாக, கறுப்பாக, மிளகு அளவுக்கு. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தனை வெளிச்சத்தில் இருட்டாக இருந்தது அவன் வாசலும், பக்கத்தில் பக்கிரிசாமி வாசலும்தான். இத்தனை நாளாக எது என்று தெரியாமல் தேடிய வீடு, அணைத்தபிறகு பளிச்சென்று தெரிந்தது.

பின்னால் நின்றவன் தோளைத் தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடத்தின் மூலைக்குப் போய்ச் சொல்பலகையைத் திறந்தான். எல்லாப் பட்டறைகளுக்கும், வெளிநாட்டிலிருக்கும் எல்லாருக்கும் போகிற பொதுச்சுவரைத் தேர்ந்தெடுத்தான். மற்றவர்களும் கேட்டு அணைத்துவிட்டால் அந்தக் கறுப்புப் பொட்டும் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான், பலகை எழுதிற்று. இந்தத் தடவை அவன் படித்துப் பார்க்கவில்லை.

*மேலநெடுவாய்க்கால்காரங்க யாராவது இத படிச்சா, உங்க கார் ஷெட்டு வெளக்க ஒரு வார்த்த சொல்லி அணைச்சிடுங்க. கீழ இருக்குறவங்களால முடியாது, உங்ககிட்ட கேக்கவும் மாட்டாங்க. வேதவல்லி அத்தை நெல்லுக்கு இன்னும் எட்டு ராத்திரிதான் இருக்கு. நம்ம ஊர் இல்லாதவங்க படிச்சா, நம்ம ஊர்க்காரங்க யாரயாவது தெரிஞ்சா அவங்ககிட்ட சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க.*